ஓடும்போது பார்க்க வேண்டிய அளவு

எங்கள் ஊரிலிருந்து தேவாலயம் ஏழு கிலோமீட்டர். சித்தேரி மலைக்குப் போகும் பேருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் திருப்பலி முடிந்த பின்னரே எங்கள் நிறுத்தத்துக்கு வந்து சேரும். ஆகையால் என் வேனில் நான்கு பெண்மணிகளை ஏற்றிச் செல்வது சில ஆண்டுகளாக வழக்கமாயிருந்தது. ஆறே கால் மணிக்கு அவர்கள் ரேஷன் கடை வாசலில் நிற்பார்கள். போகும்போது இருபது நிமிடம், வரும்போது இருபது நிமிடம். என் மனைவி காலமான பிறகு, ஒரு வாரத்தில் என் காதருகே மனிதக் குரல் தொடர்ந்து கேட்டது அந்த நாற்பது நிமிடங்களில்தான். இதை நான் அவர்களிடம் சொன்னதில்லை.

வேன் ஏழு பேர் அமரக்கூடியது. என் இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பின் கிளட்ச்சை மிதிக்கும் வலு அந்தக் காலுக்கு இல்லாமற்போனது. அதை முன்னிட்டு, கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் வண்டியாகத் தேடி, பெங்களூரில் ஒருவரிடமிருந்து வாங்கி வந்து வீட்டு வாசலில் நிறுத்தினான் என் மகன். மறு ஆண்டு அவன் அயர்லாந்துக்கு வேலைக்குப் போனான். இவ்வளவு பெரிய வண்டியில் நாமிருவர் மட்டும் கோயிலுக்குப் போவது அழகில்லை என்று சொல்லி, அக்கம்பக்கத்துப் பெண்களை ஏற்றிக்கொள்ளத் தொடங்கியவள் என் மனைவியே. ஓட்டுநருக்கு அருகிலுள்ள இருக்கை அவளுடையது. உயரம் குறைந்தவள் ஆதலால், கால் தரையில் பதியும்படி அதை வெகுவாக முன்னுக்கு இழுத்து வைத்திருந்தாள். அவள் மறைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியும் அவ்விருக்கையில் எவரும் அமரவில்லை. அமர வேண்டாமென்று நான் கூறியதுமில்லை. நால்வரும் தாமாகவே பின்னால் ஏறிக்கொண்டு, தங்கள் ஜெபப் புத்தகப் பைகளை மட்டும் அதில் வைப்பார்கள்.

இவ்வாறிருக்கையில், கோடை தொடங்கும் சமயத்தில் ஒரு ஞாயிறு, திருப்பலி முடிந்து திரும்பும்போது பாலத்து ஏற்றத்தில் வண்டி மக்கர் செய்தது. இன்ஜின் உறுமியது, சக்கரம் அதற்கு இணங்கவில்லை. சற்று நேரம் அப்படியே தவித்து, பின் யாரோ பின்னாலிருந்து உதைத்தாற்போல் ஒரு குலுக்கலுடன் பாய்ந்தது. பெண்மணிகள் இயேசுவை அழைத்தார்கள். அதற்கு அடுத்த இரண்டு ஞாயிறுகளும் அவர்கள் ஷேர் ஆட்டோவில் சென்றார்கள். நான் வீட்டிலேயே இருந்துவிட்டேன். மூன்றாம் ஞாயிறும் வேன் வராவிட்டால், ஆட்டோக்காரரையே நிரந்தரமாக வரச் சொல்லிவிடப் போவதாக ரேஷன் கடையில் அவர்களுள் ஒருவர் மிகுந்த மரியாதையுடன் எனக்குத் தெரிவித்தார். அவர்கள் மீது பிழையில்லை. எனினும், அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்த தூரம் எனக்கு வழக்கத்தைவிட நீளமாயிருந்தது.

அரூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, சாவியை என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"ஆட்டோமேட்டிக்குன்னா நாங்க கை வைக்கிறதில்லீங்க. பொட்டிய எறக்கி சேலத்துக்கு அனுப்பணும். மாசக்கணக்குல ஆவும். அப்பவும் சரியாவும்னு சொல்ல முடியாது." அதன் பின், போகிற போக்கில் ஒன்று கேட்டார். "இதுக்கு கியர் ஆயில் எப்பங்க மாத்துனீங்க?"

இன்ஜின் ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை என் கையால் மாற்றி வந்தவன் நான். கியர் பெட்டிக்கென்று தனியாக ஆயிலும், அதனுள் ஒரு ஃபில்டரும் உண்டென்பதை எண்ணிப் பார்த்ததே இல்லை.

மகனிடம் தொலைபேசியில் கூறினேன். அதை விற்றுவிடும்படியும், எங்காவது போக வேண்டுமென்றால் டாக்சி அழைத்துக்கொள்ளும்படியும் அன்பாகவே சொன்னான். எங்கே போவதற்கு டாக்சி என்று நான் கேட்கவில்லை.

வண்டியோடு வந்த கைப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவனாயினும் அகராதியின் துணையால் அதில் வேண்டிய பக்கங்களை நான்கு நாட்களில் வாசித்து முடித்தேன். கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரர் தம் வீட்டுக் கொட்டகையில் இவ்வேலையைச் செய்து காட்டும் படத்தையும் பலமுறை பார்த்தேன். ஆயிலின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு சேலத்துக்குப் பேருந்தில் சென்று, ஆறு டப்பா ஆயிலும் ஃபில்டரும், தட்டின் விளிம்பில் கசிவைத் தடுக்கும் பேக்கிங்கும் வாங்கி வந்தேன். ஆயில் செந்நிறமாய்த் தண்ணீர்போல் மெலிந்திருந்தது. டிராக்டரின் கியர் ஆயில் தேனைப்போல் இறங்கும். இவ்வளவு நீர்த்த பொருள் இரும்பை எவ்விதம் காக்கும் என்ற ஐயம் எழுந்தது. புத்தகத்தில் உள்ள எழுத்துகளும் டப்பாவில் உள்ள எழுத்துகளும் ஒன்றே என்று மூன்று முறை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மனம் அமைந்தது.

வீட்டுக்குப் பின்னால், தென்னைகளுக்கு நீர் பாய்ச்ச நான் சிமெண்ட் பூசிய வாய்க்கால் ஒன்று உண்டு. கிணறு வற்றிய பிறகு அதில் தண்ணீர் ஓடுவதில்லை. ஓர் ஆள் படுக்கும் அகலம்; முழங்காலுக்கு மேல் ஆழம். வெள்ளிக்கிழமை காலை வண்டியைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, வாய்க்காலின் இரு கரைகளிலும் சக்கரங்கள் நிற்கும்படி நிறுத்தி, நான்கு சக்கரங்களுக்கும் கல் கொடுத்துவிட்டு, அடியில் இறங்கி மல்லாந்து படுத்தேன்.

கியர் பெட்டியின் அடித்தட்டில் ஆயிலை வடிக்கத் தனித் திருகு கிடையாது. தட்டைச் சுற்றியுள்ள போல்ட்டுகளை ஒரு பக்கமாகத் தளர்த்தி, தட்டு அந்தப் பக்கம் சாயும்போது வழிவதைப் பிடிக்க வேண்டும். பழைய அலுமினிய அண்டா ஒன்றை நெஞ்சுக்கருகில் வைத்துக்கொண்டேன். நான்காவது போல்ட்டில் ஸ்பேனர் கை நழுவி வாய்க்காலில் உருண்டு கால்மாட்டுக்குச் சென்றது. "அந்தப் பத்தாம் நம்பர எடு" என்று நான் சத்தமாகச் சொன்னேன். டிராக்டர் வைத்திருந்த நாட்களில் ஸ்பேனர்களின் எண்ணையெல்லாம் என் மனைவி அறிந்திருந்தாள். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றும்போது மேலே அமர்ந்து மிதிப்பதும், நான் சொன்னதும் விடுவதும் அவளே. சொன்ன பிறகுதான் சொன்னது என் காதில் விழுந்தது. இடது முழங்கால் மடங்காததால் வலது குதிகாலால் ஸ்பேனரை மெல்ல மெல்ல இழுத்து மேலே கொண்டுவந்தேன். அதற்கு வெகுநேரம் பிடித்தது.

வழிந்த ஆயில் செந்நிறமாக இல்லை. நாவற்பழச் சாறுபோல் கறுத்து, தீய்ந்த வெல்லப்பாகின் வாடை வீசியது. தட்டைக் கழற்றிப் பார்த்தபோது, உள்ளே இருந்த சிறு காந்தத்தின் மேல் இரும்புத்தூள் கண்மைபோல் குழைந்து அப்பியிருந்தது. பெரிய துணுக்கு ஏதுமில்லை. துணுக்கு இல்லையென்றால் பெட்டிக்கு உயிருண்டு என்று அந்த வெள்ளைக்காரர் கூறியிருந்தார். ஃபில்டரை இழுத்து எடுத்தேன். அதன் ரப்பர் வளையம் துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. மூங்கில் சிம்பால் அதைக் கீறாமல் எடுத்தேன். தட்டை டீசலில் கழுவி, பழைய பேக்கிங்கைச் சுரண்டினேன். பேக்கிங்கின் ஒரு மூலையில் எண்ணெய் கசிந்து புழுதி படிந்த தடம் இருந்தது. கண்ணால் அதைக் கண்டேன். அதன் பொருளை அப்போது யோசிக்கவில்லை. புதியவற்றைப் பொருத்தி, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

இனி நிகழ்ந்தது என் பிழை. அதைச் சொல்ல, என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

முப்பத்தோர் ஆண்டுகள் நான் எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் பால் அளந்தவன். கறந்த வேகத்தில் கொண்டுவரும் பாலில் நுரை நிற்கும். ஓடி வந்தாலும், உயரத்திலிருந்து ஊற்றினாலும் நிற்கும். நுரையோடு அளந்தால் அது பாலுமன்று, அளவுமன்று. நுரை அடங்கும் வரை நான் எவருடைய பாலையும் அளந்ததில்லை. அதன் பொருட்டு வரிசையில் நின்றோர் என்னை ஏசியதுண்டு. அந்த நான்கு பெண்மணிகளுள் ஒருவர், அந்நாளில் இரண்டு எருமைகள் வைத்திருந்தவர், எல்லோர் முன்னிலையிலும் சொல்வார்: "உங்களுக்கு நுரை அடங்குறதுக்குள்ள எம் புள்ளைங்க பள்ளிக்கூடம் முடிச்சே வூட்டுக்கு வந்துடுவாங்க." நான் சிரிக்காமல் காத்திருப்பேன். அசைவு நின்று, பொருள் அடங்கி, தன் நிலைக்கு வந்த பின் எடுப்பதே அளவு. என் வாழ்நாளில் நான் உறுதியாக அறிந்திருந்தது அது ஒன்றே.

ஆகையால் வடிந்த பழைய ஆயிலை என் லிட்டர்ப் படியால் அளந்தேன். மூன்றே கால் லிட்டர். வெளியே வந்தது எவ்வளவோ அவ்வளவே உள்ளே போக வேண்டும் என்று புதிய ஆயிலில் மூன்றே கால் லிட்டரைத் துளி சிந்தாமல் புனலில் ஊற்றினேன். இன்ஜினைச் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினேன். அந்த வெள்ளைக்காரர் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் பார்க்கும் குச்சியை உருவிக் காட்டியிருந்தார். கைப்புத்தகமும் அப்படித்தான் கூறியது. ஓடுகிற பொருளை அளப்பதாவது என்று அவரைப் பக்குவமில்லாதவராக எண்ணியிருந்தேன். நான் கால் மணி நேரம் காத்திருந்தேன். ஆயில் அடங்கிய பின் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி இட்டு எடுத்தேன். மேல் கோட்டில் சரியாக நின்றது. அளவு நிறைவு என்று திருப்தியடைந்தேன்.

கற்களை அகற்றி, இன்ஜினை ஓடவிட்டு, வண்டியைப் பின்னால் எடுக்கக் கியர் நெம்பைத் தள்ளினேன். இன்ஜின் உறுமியது. வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. முன்னால் எடுக்க முயன்றேன். ஒரு நடுக்கம் மட்டும் வந்தது. வெள்ளிக்கிழமை காலை வாய்க்கால் வரை தானே ஓடி வந்த வண்டி, நான் கை வைத்த பிறகு ஓர் அடி நகரவில்லை. சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கை முன்னுக்கு இழுத்தபடி கிடந்தது. மகன் சொன்னதுபோல் விற்க முயன்றிருந்தால், ஓடும் வண்டியென்று ஒருவர் எடுத்துப் போயிருப்பார். இப்போது அதுவும் இல்லை. ஞாயிறு ஆறே காலுக்கு ரேஷன் கடை வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் காட்சி என் கண்முன் வந்தது. அந்த ஆட்டோவில் எனக்கு இடமிருக்குமா என்றும் யோசித்தேன். இருக்கும். நெருக்கிக்கொண்டு இடம் கொடுப்பார்கள். ஆனால் அழைத்துச் செல்பவனாக இருந்தவன், அழைத்துச் செல்லப்படுபவனாக ஓரத்தில் ஒட்டிக்கொண்டு போவதை என்னால் எண்ண முடியவில்லை.

சனிக்கிழமை காலை, எங்காவது ஆயில் ஒழுகுகிறதா என்று பார்க்கக் கற்களை மீண்டும் கொடுத்துவிட்டு வாய்க்காலில் இறங்கிப் படுத்திருந்தேன். ஒழுகவில்லை. அப்போது வாய்க்கால் கரையில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்னர் கூறிய அந்த எருமைக்காரப் பெண்மணி.

"ஐயோ அண்ணா, கால மட்டும் பாத்துட்டு எனக்கு உசுரே போயிடுச்சுங்க. குழியில படுத்துக்கிட்டு என்னாங்க பண்றீங்க?"

ஒன்றுமில்லை என்று கூறி வெளியே வந்தேன். அவர் என் சட்டையைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். ஆட்டோக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று மற்ற மூவரும் கேட்டு வரச் சொன்னதாகத் தெரிவித்தார். வண்டி பழுதாகிவிட்டது, ஆட்டோவையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால், ஆயிலை மாற்றிவிட்டேன், வண்டி நகரவில்லை, ஏனென்று தெரியவில்லை என்று நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். வீட்டில் எவரிடமும் எதையும் சொல்லும் பழக்கம் விட்டுப்போயிருந்ததால், ஒருமுறை தொடங்கியதும் காத்திருந்தது, அளந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கும் நுரை அடங்கட்டும்னு நின்னீங்களா? அந்த புக்குல அப்படியாங்க போட்டிருக்குது?"

"ஓடும்போது பாக்கணும்னு போட்டிருக்குது" என்றேன்.

"அப்ப ஓடும்போதே பாக்கறது தானுங்களே. புக்கு எழுதுனவனும் ஏதோ அளந்து பாத்துட்டுத்தான எழுதியிருப்பான்?"

அவரை ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து பிரேக்கை மிதித்துக்கொள்ளும்படி கேட்டேன். உண்மையைச் சொன்னால், சற்றுச் சிரமப்பட்டால் அவ்வேலையைத் தனியாகவே செய்திருக்கலாம். மிதிக்க ஒரு மனிதர் அங்கிருந்தார், ஆகவே கேட்டேன். அவர் சேலையைச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்து காலடியிலிருந்த பெடல்களை எட்டிப் பார்த்தார்.

"என்னாங்கண்ணா, ரெண்டு தான் இருக்குது? எம் பையன் வண்டில மூணு இருக்குதே."

"ரெண்டுதாம்மா. அகலமா இருக்கறத மிதிச்சுக்கிட்டே இரு. எடுத்துடாத."

இன்ஜினை நானே ஓடவிட்டேன். கைப்புத்தகத்தில் கண்டபடி, நெம்பை ஒவ்வொரு நிலையிலும் சற்று நிறுத்தி, மீண்டும் முதல் நிலைக்கே கொண்டுவரச் சொன்னேன். அவர் ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் எண்ணியபடி மிகுந்த கவனத்துடன் செய்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, முன்னால் சென்று குச்சியை உருவினேன். நேற்று மேல் கோட்டில் நின்ற ஆயில், இன்று நுனியைக்கூட நனைக்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. ஓடும்போது அந்த ஆயில் பெட்டிக்குள் மேலேறி, பல வழிகளில் பரவி வேலை செய்கிறது. நிறுத்தினால் எல்லாம் கீழே இறங்கித் தட்டை நிரப்பிக்கொண்டு, குறைவே இல்லாததுபோல் காட்டுகிறது. பேக்கிங்கின் மூலையில் கண்ட கசிவுத் தடத்தின் பொருளும் விளங்கியது. வண்டி பல நாட்களாகவே குறைந்த ஆயிலில் ஓடியிருக்கிறது. பாலத்தில் அது தவித்ததும் அதனாலேயே. வெளியே வந்த மூன்றே கால் லிட்டர் முழு அளவன்று, பழைய குறை. என் படியால் அந்தக் குறையை அளந்து, அதையே உள்ளே ஊற்றியிருந்தேன். கழற்றிய பழைய ஃபில்டருக்குள் தங்கியிருந்தது என் அளவில் சேராததால், முன்பிருந்ததினும் குறைவாயிற்று.

கால் லிட்டர் ஊற்றுவதும், அவர் நெம்பை ஒரு சுற்றுக் கொண்டுபோய் வருவதும், நான் குச்சி பார்ப்பதுமாக வேலை நடந்தது. நான்காம் முறை ஊற்றிய பிறகு அவர் நெம்பைப் பின்னுக்குச் செல்லும் நிலையில் வைத்தார். வண்டி உடல் குலுங்கி, கற்களில் சாய்ந்து நின்றது.

"ஏதோ புடிச்சுதுங்கண்ணா. கால் வரைக்கும் தெரியுது" என்றார். குரல் தாழ்ந்திருந்தது. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

பொறுமையாக இன்னும் கால் லிட்டர் ஊற்றினேன். ஆயில் கீழ்க் கோட்டைத் தாண்டி நின்றது. சூடேறிய பின் மேல் கோட்டைத் தொடும் என்று புத்தகம் கூறியது. இம்முறை அதை நம்பினேன். இறங்கச் சொன்னபோது, ஓட்டிக் காட்டட்டுமா என்று கேட்டுவிட்டே இறங்கினார். கற்களை எடுத்துவிட்டு நான் ஏறினேன். வண்டி ஓசையின்றிப் பின்னால் நகர்ந்து வாய்க்காலைவிட்டு வெளியே வந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பின் கதவைத் திறந்து வழக்கமான தம் இடத்தில் ஏறிக்கொண்டார். பாலம் வரை சென்று திரும்பினோம். ஏற்றத்தில் வண்டி ஒருமுறைகூட உதைக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்கும்போது, ஆட்டோக்காரரிடம் வேண்டாமென்று தாமே சொல்லிவிடுவதாகக் கூறினார். "ஒரு பாட்டும் கேக்க முடியாது அந்த ஆட்டோ சத்தத்துல. ஜெபமாலைகூட தப்பித் தப்பிப் போவுது." பிறகு நடந்து போய்விட்டார். அன்று மீதிப் பொழுது முழுவதும் நான் வண்டியைக் கழுவினேன்.

மறுநாள் ஆறே காலுக்கு ரேஷன் கடை வாசலில் நால்வரும் நின்றிருந்தார்கள். ஆட்டோ இல்லை. மூவர் பின்னால் ஏறினார்கள். அந்தப் பெண்மணி மட்டும் முன் கதவைத் திறந்தார். பைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, என் மனைவியின் இருக்கையில் அமர்ந்தார். முழங்கால் முன்னால் இடித்தது. குனிந்து, அடியிலிருந்த கம்பியைப் பிடித்து இருக்கையைப் பின்னுக்குத் தள்ளினார். இரண்டு, மூன்று பற்கள் தாண்டும் ஓசை கேட்டது. பின்னாலிருந்த மூவரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"பிரேக் மிதிச்சு குடுத்தவ. பின்னால உக்காருவனா?" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி.

நான் வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் சென்றதும் பின்னாலிருந்து ஒருவர் யாருடைய மருமகளைப் பற்றியோ தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். போகும்போது இருபது நிமிடம், வரும்போது இருபது நிமிடம். இடையில் ஒருமுறை, பால் சங்கத்தில் நான் எல்லோரையும் நிற்க வைத்த கதையை அவர் புதுக்கதைபோல் சொன்னார். நானும் சிரித்தேன்.

அவர்களை இறக்கிவிட்டு வீடு திரும்பிய பின், இன்ஜினை ஓடவிட்டபடியே குச்சியை உருவிப் பார்த்தேன். மேல் கோட்டைத் தொட்டிருந்தது. மூடியைச் சாத்திவிட்டு, முன் கதவைத் திறந்து, இருக்கையைப் பழைய இடத்துக்கே இழுத்து வைக்கக் கம்பியைப் பிடித்தேன். ஒரு பல் இழுத்தேன். மறுபடி ஒன்று. அவள் வைத்திருந்தது எத்தனையாவது பல் என்பது எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகளில் நான் அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. இன்னும் ஒரு பல் இழுத்துப் பார்த்தேன். அதுவும் சரியாகத் தோன்றவில்லை.

பிறகு இருக்கையை, அந்தப் பெண்மணியின் முழங்கால் இடிக்காத தூரத்துக்கே தள்ளி வைத்துவிட்டு, உள்ளே போய்ச் சோற்றுக்கு உலை வைத்தேன்.